டோக்கன் ஒழிப்பு விழா

எங்கள் தையல் லைனில் இரண்டு டோக்கன்கள் இருந்தன. மஞ்சள் பிளாஸ்டிக், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்திருக்கும். நாற்பது பொம்பளைகளுக்கு அந்த இரண்டும்தான். சூப்பர்வைசர் கோபியின் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால், போனவள் திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.

அதைத் தொட்டாலே எனக்குக் குமட்டும். கக்கூஸுக்குள் அதை வைக்க இடம் கிடையாது. தரை எப்போதும் ஈரம், சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. நாடாவை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே பாதிப் பேர் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், மீதிப் பேர் மார்புக்குள் சொருகிக்கொள்வார்கள். யார் எச்சில், யார் வேர்வை என்று தெரியாத அந்தச் சனியனை ஒருநாளும் யாரும் கழுவியது கிடையாது. திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினால் அதற்கு நேர் கீழே கோபியின் டிபன் பாக்ஸ் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி உண்டு.

நான் செலின். பட்டாபிராமில் இருந்து ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிறவள். வெளிநாட்டுக்காரன் போடும் வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைப்பது என் வேலை. எங்கள் கம்பெனியில் தைக்கும் சட்டையைப் பார்த்தால் கண் கூசும், அவ்வளவு வெள்ளை. அதைத் தைக்கிறவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைப் போட்டுக்கொள்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

பிளஸ் டூவில் எனக்கு வரலாறு பாடம். ஆவடியில் எங்கள் டீச்சர் இங்கிலாந்து மில்லைப் பற்றி நன்றாக நடத்துவார். ஜன்னலைத் திறந்தால் அபராதம், பக்கத்தில் இருப்பவளோடு பேசினால் அபராதம், முதலாளியே கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வான் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் உச்சுக்கொட்டுவோம். அப்புறம் ஜனங்கள் போராடினார்கள், ஓட்டுரிமை வந்தது, சட்டம் வந்தது, எல்லாம் மாறிவிட்டது என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். அந்த டீச்சர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. எதிரில் வந்தால் அந்த மஞ்சள் டோக்கனைக் கையில் கொடுத்து, இதை வாயில் கடித்துக்கொண்டு பாடம் நடத்துங்கள் என்று சொல்வேன்.

டோக்கனுக்குப் பயந்து எங்கள் லைனில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர், சோறு சாப்பிடும்போது ஒரு வாய், அவ்வளவுதான். எல்லோருக்கும் அந்த இடத்தில் எரிச்சல், நீர்க்கடுப்பு. அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் மாட்டோம். ஷாரன் மட்டும் வேறு வழியில்லாமல் குடித்தாள்.

ஷாரன் எனக்கு அடுத்த மெஷின். கரையான்சாவடிப் பெண். வாய் திறந்து பேசமாட்டாள், கை மட்டும் பேசும். சட்டைக் கையின் கஃப் தைப்பதில் லைனிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. அவள் புருஷன் பெனிட்டோ வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் இவள் சம்பளம்தான். ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது. பயந்துபோய் டாக்டரிடம் காட்டியதற்கு அவர் சத்தமே போட்டுவிட்டாராம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போக வேண்டும், அடக்கினால் கிட்னி போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் மெஷினுக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் நின்றது.

"அக்கா, ஆணில டோக்கன் கீதா பாரேன்" என்று என்னிடம் மெதுவாகக் கேட்பாள். அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே கூச்சம்.

"இல்லடி. ரெண்டும் போயிருச்சு."

"சரிக்கா" என்று கால் இரண்டையும் நெருக்கி வைத்துக்கொண்டு தைப்பாள். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வேறென்ன செய்ய முடியும்?

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேர்தல் வந்தது. சட்டையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன், தொழிலாளர் கமிட்டியில் நிர்வாகம் ஆளைப் போடக்கூடாது, தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டானாம். எச்.ஆர். அபிஷேக் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஈரோட்டுப் பையன், நூம்பலில் புது ஃபிளாட்டில் குடியிருக்கிறான், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். பாத்ரூமுக்கும் அக்காக்களுக்கும் நடுவில் டோக்கன் இருப்பது மட்டும் அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"அக்கா, இனி உங்க குரலை நீங்களே தேர்ந்தெடுக்கலாமுங்க. இதுதான் ஜனநாயகம்."

தேர்தல் என்றதும் எங்கள் ஜனத்துக்கு உடம்பில் புது ரத்தம் பாய்ந்துவிட்டது. நிர்வாகத்துக்கு வேண்டிய ஆள் கட்டிங் செக்ஷன் கிருபாகரன். அவனுக்குக் கத்திரிக்கோல் சின்னம். எங்கள் பக்கம் ராஜம்மாக்கா. பட்டன் வைக்கிற மெஷின் அவளுக்கு. வாயால் ஊரையே விற்றுவிட்டு வருகிறவள். கோபியையே "இன்னா நைனா, ஊட்டுல சண்டையா, மூஞ்சி தொங்குது?" என்று கேட்கிற தைரியம் லைனில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அவளுக்குத் தண்ணீர் பாட்டில் சின்னம் வாங்கிக்கொடுத்தது நான். பாட்டில் என்றதும் ஆம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு வாக்குறுதிதான். டோக்கனை ஒழிப்பேன்.

கிருபாகரன் கேன்டீனுக்குப் பின்னால் அண்டா வைத்து பிரியாணி போட்டான். நாங்கள் எல்லோரும் போய் வயிறு முட்டத் தின்றோம். தின்றுவிட்டு ராஜம்மாவுக்கு ஓட்டுப் போட்டோம். நான் ரயிலில் வரும்போதும் போகும்போதும் மற்ற லைன் பெண்களைப் பிடித்துப் பேசினேன். தொண்டை கட்டிப்போனது. எனக்கு அதில் எந்த லாபமும் இல்லை. ஷாரன் கால்களை நெருக்கி உட்கார்ந்திருப்பது நிற்க வேண்டும், அது போதும் என்றிருந்தது.

ராஜம்மா ஜெயித்தாள். கேட்டுக்கு வெளியே சரவெடி வெடித்தோம். மாலை போட்டோம். ஒருத்தி அவளை இடுப்பில் தூக்கப் பார்த்து இரண்டு பேரும் விழுந்தார்கள். ஷாரன்கூட அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சாக்பீஸ் டீச்சரை மனசுக்குள் மன்னித்தும் விட்டேன்.

முதல் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜம்மா எங்களைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"சொல்லுங்கடி. உள்ள போயி இன்னா பேசணும்? நல்லா தெளிவா சொல்லுங்க. நான் அப்டியே சொல்லிட்டு வந்துர்றேன்."

"டோக்கன் வேணாம். அத்தோட நிறுத்திக்கோ" என்றேன் நான்.

அத்தோடு யாரும் நிறுத்தவில்லை. துணி ஓரத்துக்கு ஓவர்லாக் போடுகிற ஞானம்மாள் முதலில் ஆரம்பித்தாள்.

"டோக்கன் மட்டுமா பேஜாரு? எடுத்துகினு போறவ சீக்கிரம் வர்றாளா? உள்ள போயி புருஷனோட போன்ல கொஞ்சிகினு கீறாளுங்க. ஒயுங்கா போறவளுக்குக் கெடைக்க மாட்டேங்குது."

"தல வாரிகினு, பவுடர் போட்டுகினு வர்றாளே ஒருத்தி, அவளச் சொல்லு மொதல்ல" என்றாள் இன்னொருத்தி.

"சும்மா சும்மா போயிகினே கீறவளும் உண்டு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்றவள் பார்த்தது ஷாரனை. ஷாரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, கம்பெனிக்காரன் நாப்பது பேருக்கு ரெண்டு பிளாஸ்டிக்க மாட்டி வெச்சிகீறான். அவனக் கேக்காம நீங்க ஒருத்திய ஒருத்தி புடிச்சிக் குடுத்துகினு கீறீங்களே! வெக்கமா இல்ல?"

"நீ கம்முனு இரு செலினு" என்றாள் ராஜம்மா. "எல்லாரும் சொல்றத கேக்கணும். நான் எல்லாருக்கும்தான் ஆளு."

ஏ.சி. ரூமில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கழுத்தில் நீல நாடா போட்ட அட்டை தொங்கியது. எங்களுக்கெல்லாம் சிவப்பு நாடா. நடையே மாறியிருந்தது. மெஷினுக்கு வந்து உட்காராமல் நேராக நடுவில் நின்றாள்.

"முடிஞ்சிச்சுடி! டோக்கன் போச்சு! அடுத்த வாரம் விழா!"

ஒண்ணுக்குப் போவதற்கு விழா எடுத்த கம்பெனி உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கக்கூஸ் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'டோக்கன் முறை ஒழிப்பு விழா' என்று கொட்டை எழுத்தில். அதில் எம்.டி. படம் பெரிதாக, ராஜம்மா படம் சின்னதாக, இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் புறா. வாழைமரம் கட்டினார்கள். குத்துவிளக்கு வைத்தார்கள். பினாயிலும் ஊதுபத்தியும் கலந்த அந்த நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஞானம்மாள் எங்கிருந்தோ ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். மேலே கற்பூரம் வைத்து, இரண்டு டோக்கனையும் கூட வைத்து, கக்கூஸ் கதவுக்கு மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டு உடைத்தாள். நாங்கள் சுக்குநூறான பூசணிக்காயைத் தாண்டித் தாண்டிக் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

கதவில் ரிப்பன். ராஜம்மா தன் நூல் வெட்டும் கத்தரியாலேயே அதை வெட்டினாள். அபிஷேக் மைக்கைப் பிடித்தான்.

"அக்கா, இனிமேல் யாரும் யாருகிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்லைங்க. எப்ப வேணும்னாலும் போங்க. உங்க பிரதிநிதி எடுத்துச் சொன்னாங்க, நேர்மையா போறவங்களுக்கு அநியாயம் நடக்குதுன்னு. அதுக்கும் ஒரு நல்ல வழி பண்ணியிருக்கோமுங்க."

அப்போதுதான் கதவுக்கு மேலே இருந்ததை எல்லோரும் பார்த்தோம். கறுப்பாக ஒரு கேமரா. பக்கத்தில் சின்னத் திரை. ராஜம்மாவை முன்னால் நிற்க வைத்தார்கள். அது அவள் முகத்தைப் பார்த்து, "ராஜம்மா, உள்ளே" என்றது. ஒரு பெண்ணின் குரல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சுத்தமான தமிழ். பெண்கள் "ஹே" என்று கத்திச் சிரித்தார்கள். ராஜம்மா உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தாள். "ராஜம்மா, வெளியே. நன்றி" என்றது. அதற்கும் கை தட்டினார்கள்.

எங்கள் லைனுக்கு முன்னாலும் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். நாற்பது பேரின் பெயரும் அதில். யார் எத்தனை தடவை போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்று பெயருக்கு நேரே ஓடும். தடவையும் நேரமும் குறைவாக இருந்தால் பச்சை. கூடினால் மஞ்சள். அதற்கும் மேல் போனால் சிவப்பு. வாரம் முழுக்க லைனில் ஒரு பெயர்கூட சிவப்பு ஆகவில்லை என்றால், சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒருத்தி சிவப்பு ஆனாலும் நாற்பது பேருக்கும் கிடையாது.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது என்றால் என்ன என்று வேலைக்குப் போகிற பொம்பளைக்குத்தான் தெரியும். கூட்டமில்லாத ரயில், உட்கார இடம், வெளிச்சம் இருக்கும்போதே காய்கறி, பிள்ளை தூங்குவதற்கு முன்னால் அதன் முகம். அதைத் தூண்டிலில் கோத்துக் கக்கூஸ் வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். என்ன மூளை! இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் முகத்தில் அந்தப் பினாயில் தண்ணீரை ஊற்ற வேண்டும்.

முதல் நாளே மத்தியானத்துக்குள் ஷாரன் மஞ்சள். சாயங்காலம் சிவப்பு.

முதல் வாரம் கிண்டலாகத்தான் இருந்தது. "இன்னா ஷாரனு, உள்ள ஊடு கட்டிகினு கீறியா?" என்று சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். அவளும் சீட்டைக் காட்டினாள். "பாவம்டி" என்றார்கள். அடுத்த சனிக்கிழமையும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காமல் போனதும் பாவம் போய்விட்டது. அவளோடு சாப்பிட உட்கார மாட்டேன் என்றார்கள். அவள் எழுந்தால், கோபி திரும்புவதற்கு முன்னால் பத்து பேர் தலை தூக்கித் திரையைப் பார்த்தார்கள். கோபிக்கு வேலையே இல்லாமல் போனது. டோக்கன் காலத்தில் ஆணியைக் காக்க அவன் ஒருத்தன் இருந்தான். இப்போது லைனில் எல்லோருமே கோபிதான்.

ஒரு காலையில் ஷாரனின் தண்ணீர் பாட்டிலைக் காணவில்லை. தேடினோம். குப்பைக் கூடையில் வெட்டுத் துணிக்கு அடியில், மூடி திறந்து, காலியாகக் கிடந்தது. யார் போட்டது என்று கேட்டேன். நாற்பது மெஷினும் ஒன்றாக ஓடியது, எவளும் நிமிரவில்லை.

நான் ராஜம்மாவிடம் போனேன்.

"அக்கா, இன்னா நடக்குது இங்க? நீ எதுக்கு ஜெயிச்ச?"

"நான் இன்னா பண்ட்டும் செலினு? டோக்கன் வேணாம்னீங்க. எட்த்துட்டாங்க. ஒயுங்கா போறவளுக்கு நாயம் வேணும்னீங்க. குட்த்துட்டாங்க. எல்லாரும் கேட்டதத்தான் நான் போய் சொன்னேன்."

"அவளுக்கு கிட்னி போயிரும்க்கா."

"அவள காலைல ஊட்லயே ரெண்டு தபா போயிட்டு வரச் சொல்லேன். முப்பத்தொம்போது பேரு ஒருத்திக்கோசரம் கஷ்டப்படணுமா? ஓட்டுப் போட்டவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?"

சொல்லிக்கொண்டே அந்த நீல நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அபிஷேக்கிடமும் போனேன். அவன் எழுந்து நின்று நாற்காலி காட்டினான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"அக்கா, நாங்க யாரையும் போகக்கூடாதுன்னு சொல்லலைங்களே. கதவு திறந்துதான இருக்கு? ஷாரன் அக்கா எத்தனை தடவை வேணும்னாலும் போகலாமுங்க. உள்ளுக்குள்ள லைன்ல ஏதாவது பிரச்சனைன்னா, அது நீங்களும் உங்க பிரதிநிதியும் பேசித் தீர்த்துக்க வேண்டியது. நாங்க தலையிட்டா ஜனநாயகத்துல தலையிட்ட மாதிரி ஆயிருமுங்க."

சிரித்த முகம் மாறாமல் சொன்னான். கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது. அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதால் விழுங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால், விழுங்கியிருக்கக் கூடாது.

ஷாரன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் என் பாட்டிலை நீட்டினால் "வேணாம்க்கா, தாகமில்ல" என்றாள். உதடு வெடித்திருந்தது. அவள் பெயர் மெல்ல மெல்லப் பச்சைக்கு வந்தது. அந்த வாரம் எல்லோரும் அவளோடு பேசினார்கள். ஞானம்மாள் தன் டப்பாவில் இருந்து மீன் வறுவல்கூட எடுத்து வைத்தாள். ஷாரன் அதைச் சாப்பிட்டபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானத்தில் இருந்தே அவள் முகம் சரியில்லை. நெற்றி கொதித்தது, தொடை ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நெருங்க நெருங்க லைன் பூராவும் ஒரு சந்தோஷம். திரையில் நாற்பது பெயரும் பச்சை. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"போடி" என்றேன் நான். "எழுந்து போ. எவ இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. பெல்லு அடிச்சிரும்."

பெல் அடிப்பதற்கு முன்னால் சத்தம் கேட்டது. தண்ணீர் தரையில் விழுகிற சத்தம். நாற்காலியில் இருந்து வழிந்து, மெஷினின் காலைச் சுற்றி, என் செருப்பு வரைக்கும் வந்தது. அதில் சிவப்பு கலந்திருந்தது. ஷாரன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் கஃப்பைப் பிடித்தபடியே, மிதியில் இருந்து காலை எடுக்காமல், தைத்துக்கொண்டிருந்தாள்.

கோபி ஓடிவந்தான். அவளைப் பார்க்கவில்லை. "பீஸு! பீஸு!" என்று கத்திக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக் கட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். பின் வரிசைப் பெண்கள் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். முன் வரிசையில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். யாரும் கிட்டே வரவில்லை. எல்லோருடைய கண்ணும் போனது திரைக்கு. அவள் கதவுப் பக்கம் போகவே இல்லை அல்லவா? அவள் பெயர் இன்னும் பச்சை.

பெல் அடித்தது. ஒரு மணி நேரம் முன்னதாக.

யாரோ கை தட்டினாள். உடனே தட்டியதை நிறுத்திக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக, அந்த ஈரத்தை மிதிக்காமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குப் போனார்கள். வெளியே போனதும் பேச்சுச் சத்தம் கேட்டது. காய்கறி, ரயில், பிள்ளை. நான் என் துப்பட்டாவை ஷாரனின் இடுப்பில் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள், "பீஸ் ஒண்ணும் ஆகலல்லக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக் கிட்னி கெட்டுவிட்டது, இன்னொன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார்கள். பெனிட்டோ கம்பெனி வாசலில் வந்து நின்றான். அவளாகவே போகாமல் இருந்துவிட்டாள், கதவு திறந்துதான் இருந்தது, கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே திரையில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். வேலைக்கு இனி வரவேண்டாம் என்பதை அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் திரைக்குச் சொல்லிவிட்டார்கள்.

"பாவம்தான்" என்றாள் ராஜம்மா சாப்பாட்டு நேரத்தில். "ஆனா பாரு, இந்த வாரம் லைன் பூரா பச்ச. அவளுக்கும் இந்த வேல ஒத்துக்காது. வேற எதனாச்சும் பாத்துக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானம்மாள் ஊறுகாயை நக்கிக்கொண்டே தலையாட்டினாள். என் கூடப் பல வருஷம் ஒரே வண்டியில் வந்த பெண்கள் இவர்கள். என் அம்மா செத்தபோது பட்டாபிராம் கல்லறைத் தோட்டம்வரை வந்தவர்கள். கிருபாகரன் ஜெயித்து இப்படிச் செய்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர்களை என்ன செய்வது? டப்பாவை மூடினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் பெல் அடித்து எல்லோரும் மெஷினில் உட்கார்ந்த பிறகு, நான் எழுந்து போனேன். "செலின், உள்ளே" என்றது கதவு. கடைசிக் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எனக்கு வரவில்லை. சும்மா நின்றேன். ஈரத் தரை, மேலே ஓர் ஓட்டை ஜன்னல், மூத்திர நாற்றம்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கோபி ஆளை அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். கோபி இல்லை.

"செலினு, நான்தான். மஞ்சளாயிருச்சுடி. வெளிய வா" என்றாள் ராஜம்மா.

நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

"அக்கா, நாளிக்கி எம் பொண்ணுக்குப் பொறந்த நாளு. சீக்கிரம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துகீறேன். வெளிய வாக்கா."

"எங்க மாமியாளுக்குக் கண்ணு ஆப்பரேசன் செலினு. நான் போனாத்தான் டாக்டரப் பாக்க முடியும். உங்காலுல வுயறேன்."

பொய் ஒன்றும் இல்லை. பெண்ணுக்குப் பிறந்தநாள் என்பதும் எனக்குத் தெரியும், மாமியாருக்குக் கண் என்பதும் தெரியும். ஒருத்தி நிஜமாகவே அழுதாள். ஷாரனுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இவர்களில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளே! எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே எடுத்தேன், அந்த ஓட்டையில். பிறகு குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன்.

அழுகை நின்றது, வசவு ஆரம்பித்தது. என் பிறப்பைப் பற்றி, என் சாமியைப் பற்றி, புருஷனை வைத்துப் பிழைக்கத் தெரியாதவள் என்றெல்லாம். அதுவும் தெரிந்த குரல்கள்தான். வெளியே ஒரு பீப் சத்தம் கேட்டது. வசவும் நின்றுபோனது. சிவப்பு ஆகியிருக்கும்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். வெளிவாசலுக்கு வந்தேன். "செலின், வெளியே. நன்றி" என்றது கதவு. ராஜம்மா எனக்கு எதிரே வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"இப்ப சந்தோஷமாடி ஒனக்கு? நாப்பது பேரு வயித்துல அடிச்சிட்டல்ல?"

"முப்பத்தொம்போது" என்றேன். "ஷாரனத் திரும்பி வேலைக்கு எடுக்கச் சொல்லு. அவளுக்கு வைத்தியம் பாக்கச் சொல்லு. இந்தக் கேமராவ அவுக்கச் சொல்லு. நீதான எங்க ஆளு? போயி சொல்லு. அதுவரைக்கும் தெனம் இங்கதான் வந்து நிப்பேன். வேலைய வுட்டுத் தூக்கினாலும் சரி."

நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவள் கண் என் முகத்தில் இல்லை. என் தலைக்கு மேலே அந்தச் சின்னத் திரையில், என் பெயருக்கு நேரே இருந்த நிமிஷக் கணக்கை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள்.